ஆகாயத்தில் விடும் ஆஸ்தி

மீஞ்சூரில் நடக்கவிருக்கும் ஒரு மகாநாட்டின் வரவேற்புக் கமிட்டியார் நால்வர் சென்ற வாரம் நம்மைக் காண வந்திருந்தனர். எல்லோரும் வாலிபர்கள், ஊழியத்தில் ஊக்கமுள்ளவர்கள். மகாநாட்டைத் திறந்து வைக்குமாறு நம்மை வேண்டினார்கள். நாமும் மகிழ்ந்து இசைந்தோம். பிறகு நிகழ்ச்சி நிரலைக் கையில் தந்தார்கள். கொடியேற்றம் முடிந்தவுடன், கட்சிக் கொடியின் வர்ணங்களில் ஆயிரம் ஹீலியம் பலூன்களை நாம் ஆகாயத்தில் பறக்கவிட வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. எதிர்க் கட்சியார் போன மாதம் ஐந்நூறு பலூன் விட்டார்களாம். ஆகையால் இவர்களுக்கு ஆயிரம் வேண்டுமாம். கொடியை ஏற்றுகிறோம், பிரசங்கமும் செய்கிறோம், ஆனால் அந்தப் பலூன்களின் கயிற்றை மட்டும் நாம் அவிழ்க்க மாட்டோம் என்று சொன்னோம். நண்பர்களின் முகம் வாடிவிட்டது. "ஐயா, ஒரு பலூனில் என்ன இருக்கிறது? வெறும் காற்றுத்தானே!" என்றார் அவர்களுள் ஒருவர். அன்று அவகாசமின்மையால் சொல்லாமல் விட்ட விடையை இன்று எழுதுகிறோம். மேடை கட்டி, தோரணம் நாட்டி, கூட்டம் சேர்க்கும் ஊழியர் ஒவ்வொருவரும் இதைச் சற்றுப் பொறுமையுடன் படித்துப் பார்க்கும்படி கேட்டுக் கொள்ளுகிறோம்.

வெறும் காற்றன்று என்பதே முதல் விடை. நாம் சுவாசிக்கும் காற்றில் பத்து லட்சம் பங்கு எடுத்தால், அதில் ஹீலியம் ஏறக்குறைய ஐந்து பங்குதான் இருக்கும். பூமிக்குள் கிடக்கும் யுரேனியமும் தோரியமும் சிறுகச் சிறுகச் சிதையும்போது இந்த வாயு பிறக்கிறது. நமது மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள தோரியமும் இவ்விதம் சிதைந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அச்சிதைவின் வேகம் மனிதனுடைய கணக்குக்கு அடங்குவதன்று. கோடிக்கணக்கான வருஷங்களாகக் கசிந்த வாயு, மேலே இறுகிய பாறை மூடியிருக்கும் சில இடங்களில் மட்டும் இயற்கை வாயுவோடு கலந்து தங்கியிருக்கிறது. அதை எடுத்துப் பலூனில் அடைத்து விட்டால், பலூன் உயரே போய் வெடிக்கிறது. வாயு காற்றில் கரைகிறது. பிறகு மெல்ல மெல்ல பூமியின் பிடியையே விட்டு வெளியில் ஓடிவிடுகிறது. இரும்பு துருப்பிடித்தாலும் மண்ணில் கிடக்கும். விறகு எரிந்தாலும் சாம்பல் மிஞ்சும். வீணாக்கினால் உலகத்தை விட்டே போய்விடும் பண்டங்கள் மிகச் சில. அவற்றுள் ஹீலியம் தலையாயது.

இந்த வாயுவுக்கும் பழைய சென்னை ராஜதானிக்கும் உறவு உண்டு. 1868 ஆகஸ்டு 18-இல் பூரண சூரிய கிரகணம் நேர்ந்தபோது, பிரெஞ்சு வான சாஸ்திரி ஜான்ஸென், அன்று நமது ராஜதானியைச் சேர்ந்திருந்த குண்டூரில் தமது கருவிகளை நாட்டினார். சென்னை வான சாஸ்திர நிலையத்தின் தலைவர் போக்ஸன் மசூலிப்பட்டணத்திற்குச் சென்றார். அந்தக் கிரகணத்தை ஆராய்ந்தவர்கள் சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது மஞ்சள் கோடு ஒன்று தென்பட்டது. அது பூமியில் அதுவரை அறியப்படாத ஒரு வஸ்துவினுடையது என்று இங்கிலாந்தில் லாக்கியர் முடிவு செய்தார். சூரியனுக்குக் கிரேக்க மொழியில் வழங்கும் பெயரால் அதற்கு ஹீலியம் என்று பெயர் வந்தது. பூமியிலும் அது உண்டு என்பதை 1895-இல் ராம்ஸே கண்டார். நமது மண்ணில் நின்று கண்ட அடையாளத்தால் உலகம் அறிந்த பொருள் இது. இன்று நாம் அதைக் கடைகளிலும் மேடைகளிலும் வேடிக்கைக்காக அவிழ்த்து விடுகிறோம்.

அதன் மெய்யான உபயோகம் யாது? ஹீலியம் திரவமாகும் நிலையில் அதன் குளிர்ச்சி சைபருக்குக் கீழே 269 டிகிரி. அத்தகைய குளிர்ச்சியில்தான் எம்.ஆர்.ஐ. யந்திரத்தின் பெருங் காந்தம் வேலை செய்கிறது. மூளையில் கட்டி இருக்கிறதா, முதுகுத் தண்டில் நரம்பு நசுங்கியிருக்கிறதா என்று கத்தி வைக்காமலே அறிவதற்கு அந்த யந்திரம் உதவுகிறது. சாதாரண எம்.ஆர்.ஐ. யந்திரம் ஒன்றுக்கு ஆயிரத்து ஐந்நூறு லிட்டருக்குக் குறையாமல் திரவ ஹீலியம் வேண்டியிருந்தது. புதிதாக வந்துள்ள ஒரு வகை, மூடி முத்திரையிட்ட கலத்தில் ஏழு லிட்டரை வைத்துக்கொண்டே வேலை செய்கிறது. கண்ணாடி இழைக் கம்பி செய்யவும், செமிகண்டக்டர் தொழிலிலும், குளிர்சாதனப் பெட்டிகளின் குழாயில் ஊசித்துளை இருந்தால் கண்டுபிடிக்கவும் ஹீலியம் தேவைப்படுகிறது. பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பும் ராக்கெட்டுகளைப் பொன்னேரித் தாலுகா ஜனங்கள் மொட்டைமாடியில் நின்று பார்த்துப் பெருமைப்படுகிறார்கள். அவற்றின் திரவ எரிபொருளைத் தொட்டியிலிருந்து அழுத்தித் தள்ளுவதும் இந்த வாயுவே. 2019 ஜூலை 15-இல் சந்திரயான்-2 கிளம்ப 56 நிமிஷம் இருக்கையில் பிரயாணம் நிறுத்தப்பட்டதற்கு ஹீலியம் கசிவே காரணம் என்று அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின. ஒரு வாரம் கழித்து அது கிளம்பிற்று. ஒரு கசிவுக்காகச் சந்திர மண்டலப் பிரயாணத்தையே நிறுத்தி வைக்கும் தேசத்தில், ஆயிரம் கசிவுகளைக் கைதட்டி வரவேற்கலாமா என்று கேட்கிறோம்.

இவ்வளவு அவசியமான வாயு நமக்கு எங்கிருந்து வருகிறது? ஏறக்குறைய முழுவதும் அயல் நாடுகளிலிருந்தே வருகிறது. மேற்கு வங்காளத்து வக்ரேசுவர வெந்நீர் ஊற்றுகளில் ஹீலியம் இருப்பதை, சத்யேந்திரநாத் போஸ் தந்த ஊக்கத்தால் சியாமாதாஸ் சாட்டர்ஜி ஆராய்ந்தார். மயிலாடுதுறை மாவட்டத்துக் குத்தாலத்தில் கிடைக்கும் இயற்கை வாயுவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே ஹீலியம் உண்டு. அதையும் பிரித்தெடுக்கலாம் என்று அணுசக்தித் துறையைச் சேர்ந்த கல்கத்தா விஞ்ஞானிகள் அங்கே ஒரு சோதனை நிலையம் வைத்துக் காட்டினார்கள். முயற்சி போற்றத்தக்கதே. ஆயினும் தேசத்தின் தேவைக்கு அது போதுமானதன்று. மீஞ்சூருக்குக் கிழக்கே, எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்தில் 2019 முதல் திரவ இயற்கை வாயுக் கப்பல்கள் வந்து இறக்குகின்றன. ஆனால் அக்கப்பல்களில் ஹீலியம் வருவதில்லை. இயற்கை வாயு திரவமாகும் குளிர்ச்சியில் ஹீலியம் திரவமாகாமல் தனித்து நிற்பதால், வசதியுள்ள தேசத்தார் ஏற்றுமதிக்கு முன்பே அதைப் பிரித்து, தனி விலைக்கு விற்கிறார்கள். ஆகவே அயலார் கதவைத் திறந்தால் நமக்கு உண்டு, அடைத்தால் இல்லை. 2017 ஜூன் மாதம் அண்டை நாடுகள் கத்தாருடன் உறவை முறித்து எல்லையை மூடியபோது, உலக ஹீலியத்தில் கால் பங்குக்கு மேல் தந்துவந்த அந்நாட்டு நிலையங்கள் சில வாரம் நின்றுபோயின. சுதேசியம் பேசும் நாம், பிறர் கையை எதிர்பார்த்து வாங்கும் பொருளைத் தோரணமாகக் கட்டுவது பொருத்தமா?

வளமுள்ள தேசமும் விவேகம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. அந்நாட்டு சர்க்கார் 1925-இல் ஹீலியம் சட்டம் இயற்றி, அவ்வாயுவைத் தேசத்தின் பொக்கிஷமாகக் கருதிக் காத்தது. அமெரிக்கா அதைக் கொடுக்க மறுத்த நிலையில், ஜெர்மானியரின் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் ஹைட்ரஜனைக் கொண்டே பறந்து, 1937 மே 6-ஆம் தேதி தீப்பற்றி வீழ்ந்தது. 36 பேர் மாண்டனர். பின்னாளில் டெக்ஸாஸ் மாகாணத்து அமரில்லோவுக்கு அருகே பூமிக்கடியில் பெருந்தொகையாக ஹீலியத்தைச் சேர்த்தார்கள். சேர்த்த செலவு கடனாக நின்றது. 1996-இல் வேறொரு சட்டம் செய்து, கடன் அடையும் வண்ணம் விலை வைத்து, கையிருப்பை விற்றுத் தீர்க்கும்படி உத்தரவிட்டார்கள். பொருளின் அருமையைப் பாராமல் கடனின் அளவைப் பார்த்து விலை வைத்ததால் ஹீலியம் மலிவாயிற்று. மலிவானதால் பலூனுக்கும் வந்து சேர்ந்தது. நோபல் பரிசு பெற்ற ராபர்ட் ரிச்சர்ட்ஸன் என்னும் அறிஞர், நியாயமாகப் பார்த்தால் ஒரு ஹீலியம் பலூனின் விலை நூறு டாலராக இருக்க வேண்டும் என்று 2010-இல் எச்சரித்தார். 2013-இல் சட்டத்தை ஒருவாறு திருத்தினார்கள். 2024-இல் அந்தக் களஞ்சியமே ஒரு தனியார் கம்பெனியின் கைக்குப் போயிற்று. பாட்டன் பூட்டிய பெட்டியைப் பேரன் ஏலம் போட்ட கதை இது.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்பாரும் இருக்கலாம். மீஞ்சூராருக்கு அவர்கள் ஊர்க் கதையே போதும். வடகாஞ்சி என்று பெயர் பெற்ற அவ்வூரின் மண்ணுக்கடியில், ஆரணியாறும் கொற்றலையாறும் யுகம் யுகமாகச் சேர்த்து வைத்த நன்னீர் இருந்தது. 1960-களில் ஐக்கிய நாடுகளின் உதவியோடு ஆராய்ச்சி நடந்தது, கிணறுகள் இறக்கப்பட்டன, சென்னைப் பட்டணத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் போயிற்று, வயலுக்கும் இறைத்தார்கள். அடியில் இருப்பது முதலா வட்டியா என்று எவரும் கேட்கவில்லை. மழை கொடுப்பதற்கு மேல் மனிதன் எடுத்தான், நன்னீர் இறங்கிற்று, விட்ட இடத்தில் கடல் புகுந்தது. 1969-ஆம் வருஷ வாக்கிலேயே மீஞ்சூர்க் கிணறுகளில் உப்பு தெரிந்துவிட்டது. பிறகு அது மைல் கணக்கில் மேற்கே ஏறிற்று. சென்னைச் சுற்றுப்புற நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தும் சட்டமோ 1987-இல்தான் வந்தது. கடல் முந்திக்கொண்டது, சட்டம் பிந்தி வந்தது. பின்னர் 2010 ஜூலை 31-இல் மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. நிலம் இலவசமாகத் தந்த தண்ணீரை மின்சாரச் செலவில் கடலிடம் வாங்கும் நிலைக்கு வந்தோம். தண்ணீருக்காவது கடல் என்று ஒன்று இருக்கிறது; மழை என்று ஒன்று பெய்கிறது. ஹீலியத்துக்கு மழையுமில்லை, கடலுமில்லை. பத்து லட்சத்தில் ஐந்து பங்காகக் காற்றில் கிடப்பதைப் பிரித்தெடுக்கும் செலவை எண்ணினால், காட்டுப்பள்ளி ஆலை தர்மச் சத்திரமாகத் தோன்றும்.

நாம் வக்கீல் தொழில் செய்தவர்களாதலால், இவ்விஷயத்தை நமது கோர்ட்டுகள் அறிந்த ஒரு நியாயத்தால் அளந்து பார்க்கிறோம். தகப்பனை இழந்த மைனர் ஒருவனின் ஆஸ்தி கார்டியன் கையில் இருக்கிறது. கார்டியன் அதை விற்கலாமா? 1856-இல் ஹனுமான் பிரசாத் வழக்கில் பிரிவி கௌன்சிலார் தெளிவாகச் சொன்ன விதி இது: அவசியம் நேர்ந்தால், அல்லது ஆஸ்திக்கே நன்மை உண்டானால், செய்யலாம், மற்றபடி கூடாது. 1956-ஆம் வருஷத்து ஹிந்து மைனர் சட்டமும் அதே விதியைப் பின்பற்றிற்று. ஸ்தாவர சொத்தை விற்கக் கோர்ட்டின் அனுமதியும் வேண்டும் என்று சேர்த்தது. மைனரின் வைத்தியத்துக்கு நிலத்தை விற்றவனைக் கோர்ட்டு மன்னிக்கும். தன் வீட்டுக் கலியாணத்தில் வாணவேடிக்கை விட அதை விற்றவனை மன்னிக்காது. பூமிக்குள் கிடக்கும் ஹீலியம் யாருடைய ஆஸ்தி? இனிப் பிறக்கப்போகும் மைனர்களுக்கும் அதில் பாகம் உண்டு. நாம் கார்டியன்கள். நோயாளியின் மூளையைப் பார்க்கச் செலவிடுவது அவசியம். ராக்கெட்டுக்கும் ஆராய்ச்சிக்கும் செலவிடுவது ஆஸ்திக்கு நன்மை. பலூன் இவ்விரண்டில் எதிலும் சேராது.

எதிர்வாதங்களையும் கேட்பதுதான் நியாயம். "உலகத்தில் செலவாகும் ஹீலியத்தில் வேடிக்கைப் பலூனுக்குப் போவது சிறு பங்குதானே?" என்பது முதலாவது. வாஸ்தவமே, பலூனை நிறுத்துவதால் மாத்திரம் பஞ்சம் தீர்ந்துவிடாது. ஆனால் சிறு தொகையாயினும் கணக்குப் பார்க்க வேண்டும். சாதாரண பலூன் ஒன்று ஏறக்குறைய 14 லிட்டர் வாயு கொள்ளும். ஆயிரம் பலூனுக்கு 14,000 லிட்டர். திரவ ஹீலியம் ஒரு லிட்டர் வாயுவாக விரிந்தால் சுமார் 750 லிட்டர் ஆகிறது. ஆகவே மீஞ்சூர் மகாநாட்டில் ஐந்து நிமிஷத்தில் பறந்து மறையப்போவது ஏறக்குறைய 19 லிட்டர் திரவ ஹீலியத்துக்குச் சமானம். முன்பு சொன்ன ஏழு லிட்டர் யந்திரத்தில் இரண்டை நிரப்பி மிச்சமும் இருக்கும். சிறு பங்கு என்பவர்கள் இந்தச் சிறு கணக்கையும் நினைவில் வைக்கட்டும்.

"பலூனுக்கு வருவது தூய்மை குறைந்த வாயு; ஆஸ்பத்திரிக்கு உதவாது" என்பது இரண்டாவது. தூய்மை குறைந்ததைச் சுத்தி செய்யலாம். ஆகாயத்தில் போனதை யார் திரும்ப அழைப்பது? பெங்களூர் விஞ்ஞானக் கழகத்திலும் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்திலும், உபயோகித்த ஹீலியத்தைக் குழாய் வைத்துப் பிடித்து, மறுபடி திரவமாக்கி ஆள்கிறார்கள். விலை கொடுத்து வாங்கும் விஞ்ஞானியே ஆவியாகும் ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கு வைக்கிறார். மேலும், ஹைட்ரஜன் போதும் என்ற இடத்தில் விஞ்ஞானிகள் ஹீலியத்தைத் தொடுவதில்லை. நமது வானிலை இலாகாவின் பலூன்கள் ஹைட்ரஜனில்தான் மேலே போகின்றன.

இதைக் கேட்டவுடன், "அப்படியானால் நாமும் ஹைட்ரஜனை அடைத்து விடுகிறோம்" என்று எவரும் கிளம்ப வேண்டாம். வானிலை இலாகாவில் பயின்றவர்கள், தீ அண்டாத இடத்தில் அதைக் கையாளுகிறார்கள். கடைவீதியில் நடப்பது வேறு. ஹீலியத்தின் விலை ஏறினால், சில வியாபாரிகள் காஸ்டிக் சோடாவையும் அலுமினியப் பொடியையும் பழைய சிலிண்டரில் போட்டு ஹைட்ரஜன் உண்டாக்கி, ஹீலியம் என்று பெயர் சொல்லி விற்கிறார்கள். 2020 செப்டம்பரில் சென்னைப் பாடியில் ஒரு கட்சி விழாவில், பறக்கவிட வைத்திருந்த பலூன்கள் பட்டாசுப் பொறி பட்டு ஒரே ஜ்வாலையாக வெடித்துப் பலர் காயமுற்றனர். ஹீலியம் தீப்பற்றவே பற்றாது. தீப்பற்றிய வாயு எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. 2022 அக்டோபரில் திருச்சிக் கடைவீதியில் பலூன் வியாபாரியின் சிலிண்டர் வெடித்து ஒருவர் உயிரிழந்தார். மெய்யான ஹீலியம் என்றால் தேசத்துக்கு நஷ்டம். பொய்யான ஹீலியம் என்றால் தொண்டருக்கு ஆபத்து. இவ்விரண்டில் எதை நாம் திறந்து வைக்க வேண்டும்?

"பலூன் விற்கும் ஏழை என்ன செய்வான்? குழந்தைகளின் சந்தோஷத்தைக் கெடுக்கலாமா?" என்பது கடைசி வாதம். இது இருதயத்திலிருந்து வருவது. ஆகையால் மரியாதையோடு விடை சொல்லுகிறோம். வரதராஜப் பெருமாள் கோயில் உற்சவத்தில் மூங்கில் கழியில் பலூன் கட்டி விற்பவனை விரட்டச் சொல்லும் எண்ணம் நமக்கு இல்லை. வாயால் ஊதிய பலூனுக்கும், பம்பால் அடித்த பலூனுக்கும் நாம் விரோதிகளல்ல. அவன் தொழிலுக்குப் பலூன் வேண்டும், ஹீலியம் வேண்டியதில்லை. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தின் பெரிய பலூன் ஊர்வலத்தையே, ஹீலியம் கிட்டாத 1958-இல், காற்றடைத்துப் பாரந்தூக்கி யந்திரங்களில் தொங்கவிட்டு நடத்தினார்கள்; குழந்தைகள் பார்க்காமலா போனார்கள்? தவிர, ஆயிரம் பலூன் விடும் பணம் ஏழை வியாபாரியின் மடிக்குப் போவதில்லை. நமது வாதம் குழந்தையின் கைப் பலூனைப் பற்றியதன்று. பெரியவர்களின் போட்டி ஆடம்பரத்தைப் பற்றியது. எதிரி ஐந்நூறு விட்டான் என்று நாம் ஆயிரம், நாம் ஆயிரம் விட்டோம் என்று அவன் இரண்டாயிரம் என ஏறும் ஏலத்துக்கு எல்லை எங்கே?

சர்க்கார் செய்ய வேண்டியவையும் உண்டு. குத்தாலச் சோதனையைப் பெருந்தொழிலாக வளர்க்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளும் தொழிற்சாலைகளும் வெளியேறும் ஹீலியத்தைப் பிடித்து வைக்கும்படி ஊக்கம் தர வேண்டும். பொது விழாக்களில் கூட்டம் கூட்டமாக வாயு பலூன் விடுவதற்கு லைசென்ஸ் விதி வேண்டும். இவற்றைச் சட்டசபையில் கேட்போம். ஆனால் சட்டம் வரட்டும் என்று காத்திருந்ததன் பலனை மீஞ்சூர்க் கிணறுகளில் ருசி பார்த்துவிட்டோம். கட்சி ஊழியர்களுக்கு ஒரு சட்டமும் வேண்டியதில்லை. ஒரு தீர்மானம் போதும். அத்தீர்மானத்துக்குச் செலவில்லை, வரவு உண்டு.

அந்த நால்வரில் இருவர் நேற்று மறுபடி வந்தார்கள். பலூன் இல்லாமல் எழுச்சி எப்படி வரும் என்று கவலைப்பட்டார்கள். மீஞ்சூர் வாலிபர்களின் தோளில் ஆயிரம் கதர்க் கொடிகள் நிமிர்ந்து வரட்டும், நாதஸ்வரம் முழங்கட்டும், பலூனுக்கு ஒதுக்கிய பணத்தில் ஊர்க் குளம் ஒன்றைத் தூர் வாரி, வரும் மழையைப் பிடித்து நிலத்துக்குள் இறக்கட்டும் என்றோம். உப்பேறிய மண்ணில் இறங்கும் ஒவ்வொரு குடம் நன்னீரும் கடலை ஓரடி பின்னே தள்ளும் முயற்சியில் சேரும். மற்ற இருவர் இன்னும் இசையவில்லை என்று அறிகிறோம். முடிவு அவர்களுடையது. நாம் கொடியேற்ற வருவோம். அவர்கள் பலூன் கயிற்றை நீட்டினால், ஆயிரம் பேர் முன்னிலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, இங்கே எழுதிய காரணங்களை ஒவ்வொன்றாக வாயாலும் சொல்லுவோம்.